எயினனோடு நடந்த படை

அந்தக் காலத்தில் வாத்துகள் பேசுவது மனிதர்களுக்குப் புரிந்தது. ஆற்றங்கரையில் ஒரு மண்கோட்டை இருந்தது. அதைச் சுற்றி அகழி. அகழி நிறைய வாத்துகள். பகைவன் யாராவது நீரில் கால் வைத்தால் போதும், அவை போடும் கூச்சலில் கோட்டையே எழுந்துகொள்ளும்.

அந்தக் கோட்டையில் எயினன் என்றொரு வீரன். தாய் தகப்பன் இல்லாதவன். படைவீடுதான் அவனுக்கு வீடு; பக்கத்துப் பாயில் படுக்கும் பிட்டன்தான் அண்ணன் தம்பி எல்லாம். ஒரு போரில் கோட்டைக் கதவு பெயர்ந்து சாய்ந்தபோது, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை எயினன் அதைத் தோளால் தாங்கி நின்றான். கடைசியில் கதவு அவன் முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்கவே இல்லை. நடந்தால் அந்தக் கால் உலக்கை மாதிரி விறைத்து எழும்பி, தொம் என்று விழும்.

அறுவடை முடிந்ததும் அரசர் படையைப் பார்வையிட வருவார். வரிசையோடு ஒத்து நடக்க முடியாதவன் ஈட்டியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். சட்டம் அப்படி.

அரசர் வருவதற்கு முந்தின நாள் மாலை எயினன் அகழிக்கரையில் உட்கார்ந்து தன் சோற்றை வாத்துகளுக்குப் போட்டான். சாம்பல் நிறத் தாய்வாத்து ஒன்று, சாம்பி என்று பெயர், கிட்டே வந்தது.

"நீ சாப்பிடவில்லையா?"

"நாளைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன், சாம்பி."

"எங்கே போவாய்?"

"போக ஓர் இடம் இருந்தால் இவ்வளவு வலிக்காது."

சாம்பி அலகால் சோற்றை ஒதுக்கிவிட்டுச் சொன்னது: "என் கடைக்குட்டி பிறக்கும்போதே நொண்டி. கூட்டத்தில் எது வேறு மாதிரி நடக்கிறதோ அதைத்தான் கழுகு தூக்கும். அதனால் நாங்கள் எல்லோருமே அவனைப் போல அசைந்து அசைந்து நடக்க ஆரம்பித்தோம். எது அவன் என்று தெரியாமல் கழுகு இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது."

எயினன் சிரிக்கப் பார்த்தான். "நீங்கள் ஒரு தாய் மக்கள். எனக்காக யார் அப்படி நடப்பார்கள்?"

சாம்பி கரையேறி, பிட்டனும் மற்றவர்களும் ஈட்டி தீட்டிக்கொண்டிருந்த முற்றத்தைப் பார்த்து நடந்தது.

விடிந்ததும் முரசு அதிர்ந்தது. எயினன் கடைசி வரிசையில் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கப் பார்த்தான், முடியவில்லை. கால் விறைத்து எழும்பிற்று. விழுந்தது. தொம்!

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தான். ஆனால் அது ஒரு கால் விழுந்த சத்தமாக இல்லை. திரும்பிப் பார்த்தான். பிட்டனின் கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்பால் இருந்தவனுக்கும் அப்படியே. படை முழுவதும் அப்படியே.

"என்னடா செய்கிறீர்கள்?"

"முன்னால் பார்த்து நடடா," என்றான் பிட்டன். "இரண்டு காலையும் விறைப்பாக வை. எந்தக் கால் என்றே தெரியாது."

அரசர் கை உயர்த்தினார். முரசு நின்றது.

"இது என்ன நடை?"

"எங்கள் நடை, அரசே," என்றான் பிட்டன்.

"யார் சொல்லித் தந்தது?"

"அகழி வாத்துகள்."

அரசர் வரிசை வரிசையாகக் கால்களைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு முகங்களைப் பார்த்தார். ஒரே ஒரு முகம் மட்டும் கண்ணீரில் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தது எயினனுக்குத் தெரியும்; பார்க்காதது போல் திரும்பிக்கொண்டதும் தெரியும்.

"கம்பீரமான நடை. இனி என் கொடி ஏறும்போதெல்லாம் இப்படியே நடங்கள்," என்றார்.

எயினன் தலை நரைக்கும்வரை அந்தப் படைவீட்டிலேயே இருந்தான். அவன் இறந்தபோது, மூட்டுவலி வந்த கிழவர்களான அவன் தோழர்கள் சுடுகாடு வரை முழங்கால் மடக்காமலே நடந்து வழியனுப்பினார்கள். பிற்பாடு காரணம் தெரியாத சில அரசர்கள், ஊரை மிரட்டவும் அந்த நடையை எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கொடியேற்றத்திலும் மாண்ட வீரர்களின் நினைவிடத்திலும் பல நாட்டுப் படைவீரர்கள் காலை மடக்காமல் உயர வீசி நடப்பது. வாத்துகள் அப்படி நடப்பதே இல்லை. ஆனாலும் அதற்கு வாத்து நடை என்றுதான் பெயர்.