தரவுத்தளம் தன் இருப்பிடம் சொன்ன கதை

அந்தக் காலத்தில் சங்குமுனைக் கடற்கரையில் எந்தத் தரவுத்தளமும் தன்னைப் பற்றி வாய் திறக்காது. கணினிக்குள் தான் எந்த மூலையில் குடியிருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. செயலி எழுதுகிறவர்தான் தேடிப் பிடித்து, எழுதியதை ஓடும் செயலியாக மாற்றித் தரும் கம்பைலருக்கு அந்த இடத்தைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடலுக்குப் போகும் படகுகளையும் கரை திரும்பும் படகுகளையும் பதியும் செயலியை அங்கே எழுதியவள் ரெஜினா. ஒரு கார்த்திகையில் திடீர்ப் புயல் கிளம்பியது. படகுகள் திசைக்கொன்றாக ஓடி, கிட்டிய துறையில் ஒதுங்கின. எது ஒதுங்கியது, எது இன்னும் கடலில் தவிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், தெற்கே உப்பளத்துறையிலும் அதே செயலி ஓட வேண்டும். ரெஜினா அதைத் தொலைபேசி வழியாக அனுப்பிவைத்தாள்.

"ஹெடர் ஃபைலைக் காணலன்னு கம்பைலர் நிக்குதுக்கா" என்று தொலைபேசியில் சொன்னாள், உப்பளத்துறைக் கணினி முன் இருந்த ரோஸ்லின்.

அது தரவுத்தளத்தோடு சேர்ந்து வரும் கோப்பு; இருக்கக்கூடிய ஓர் இடத்தை ரெஜினா ஊகித்துச் சொன்னாள். அடுத்து, செயலி தரவுத்தளத்தோடு பேச உதவும் லைப்ரரியைக் காணவில்லை. இன்னோர் இடத்தைச் சொன்னாள். கம்பைல் ஆனது, ஆனால் தொடங்கியதுமே செயலி விழுந்தது. அந்தக் கணினியில் கிடந்த பழைய லைப்ரரியோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

வயர்லெஸ் பார்க்கும் தொம்மை உள்ளே வந்தார். அவர் தம்பி சவரிமுத்துவின் படகிலிருந்து பதிலே இல்லை.

"ஏதாச்சும் ஒண்ணப் போட்டு ஓட்டு பிள்ள. நேரம் போகுது."

"போட்டுப் பாத்தாச்சுண்ணே. ஒவ்வொரு மெஷின்லயும் அது ஒவ்வொரு இடத்துல இருக்கு. இங்க உக்காந்துக்கிட்டு நான் எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லாட்டி வேற யாரு சொல்லுவா?"

ரெஜினா சட்டென்று நிமிர்ந்தாள். "அதையே சொல்ல வைக்கிறேன்."

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்குத் தான் எங்கே நிறுவப்பட்டிருக்கிறோம், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் தெரியும். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டு, வரும் பதிலைக் கம்பைலருக்குப் புரியும் அமைப்புகளாக மாற்றித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத உட்கார்ந்தாள். கூரைத் தகரம் படபடத்தது. தொம்மை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். ரெஜினா எழுந்திருக்கவில்லை. முடித்ததும், தான் கைப்பட எழுதிவைத்திருந்த இடங்களையெல்லாம் அழித்துவிட்டு, அங்கே ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் போட்டாள். இரண்டையும் தெற்கே அனுப்பினாள்.

"ஓடிருச்சுக்கா!" என்று ரோஸ்லின் கத்தியது தொம்மைக்கும் கேட்டது.

ஒதுங்கிய படகுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எந்தத் துறையிலும் இல்லாதது சவரிமுத்துவின் படகு மட்டுமே. அதுவரை எந்தப் படகைத் தேடுவதென்று தெரியாமல் நின்ற மீட்புக் கப்பல், அவன் வலை விரிக்கும் பக்கமாக நேரே போனது. கவிழ்ந்த படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை உயிரோடு தூக்கி வந்தது.

மறுநாள் தொம்மை அவள் மேசைமுன் வந்து நின்றார்.

"அந்த ஸ்கிரிப்டுக்கு என்ன பேரு வச்சிருக்க பிள்ள?"

"'எங்கே'ன்னு வச்சிருக்கேன்ணே."

அன்று முதல்தான் அந்தக் கரையில் தரவுத்தளத்தை நம்பிச் செயலி எழுதுகிறவர்கள் யாரும் இருப்பிடத்தை ஊகித்து எழுதுவதில்லை, "எங்கே?" என்று அதனிடமே கேட்டுவிட்டுத்தான் கம்பைலரைத் தொடுகிறார்கள்.