எல்லையைத் தின்ற ஆடு

வழக்குகள் பெருகிப்போனதால், அந்த மாநிலத்தை நடுவில் கோடு இழுத்துப் பிரித்தார்கள். கிழக்கு மாவட்டத்துக்கு ஒரு கோர்ட், மேற்கு மாவட்டத்துக்கு ஒரு கோர்ட். சம்பவம் எங்கே நடந்ததோ, வழக்கும் அங்கேதான். நல்ல ஏற்பாடு. வரைபடத்தில் கோடு போட்ட மகானுபாவன் மட்டும் கொஞ்சம் தடித்த தூரிகையாக எடுத்துவிட்டான். மட்டிமங்கலம் என்ற ஊர் முழுசாக மைக்கு அடியில் போய்விட்டது.

பொற்கொடியிடம் இருந்தது ஒரே ஒரு கறவை ஆடு. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அதைப் பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு போய்த் தன் வாசலில் கட்டிவிட்டார். அவள் கிழக்குக் கோர்ட்டுக்கு ஓடினாள்.

குமாஸ்தா வரைபடத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "உங்க ஊர் கோட்டுக்குள்ள இருக்கும்மா. கோடு முடிஞ்சப்புறம்தான் கிழக்கு."

மேற்குக் கோர்ட்டிலும் இதே பாட்டு.

"அப்போ எங்க ஊர்ல திருடினா திருட்டு இல்லையா?"

"திருட்டுதான். ஆனா எங்கேயும் நடக்கலை."

கொதித்துப்போய்த் திரும்பியவளை ஊர்த்தலைவர் தாண்டவராயன் சமாதானப்படுத்தினார். "இவ்வளவுதானே? கோட்டுக்கே ஒரு கோர்ட் வெச்சிடுவோம்."

"ஒண்ணு எப்படிப் போதும்?" என்றார் ஒருவர். "கோட்டுக்கும் கிழக்கு மேற்கு வேணாமா?"

"அப்போ கோட்டுக்கு நடுவுல ஒரு கோடு!"

"மெல்லிசாவாவது போடுங்க பெரியப்பா," என்று பல்லைக் கடித்தாள் பொற்கொடி.

மெல்லிசுக்கு அரிசி மாவுதான் சரி என்று முடிவாயிற்று. ஏகாம்பரம் வாசல் வழியாக, ஊர்க்கோடி வரைக்கும் கோலம் மாதிரி இழுத்துக்கொண்டே போனார்கள். முடித்துத் திரும்பினால் கோட்டைக் காணோம். கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே வந்த ஆடு, வாயை நக்கிக்கொண்டு நின்றது.

ஏகாம்பரம் பாய்ந்து அறுந்த கயிற்றைப் பிடித்தார்.

"கையை எடுங்க சித்தப்பா!" என்றாள் பொற்கொடி. "மாவட்ட எல்லை இப்போ அது வயித்துல இருக்கு. ஊர் எல்லையை உங்க வீட்டு வாசல்ல கட்டி வெப்பீங்களா?"

ஊரே ஆடிப்போயிற்று. ஏகாம்பரம் சுட்டதுபோல் கையை உதறினார். ஆட்டுக்கு வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு என்று தாண்டவராயன் அங்கேயே அறிவித்தார். ஆடு அவள் வீட்டுக்கு நடக்க, மாவட்டம் மாறிவிடக்கூடாதே என்று ஊர் சட்டி பானையோடு இரண்டு பக்கமும் வரிசையாகக் கூடவே நடந்தது.

அவள் வாசலிலேயே இரண்டு பக்கமும் பாய் விரித்து அடுப்பு மூட்டினார்கள். அப்போது ஒரு பூவரசு இலையைப் பார்த்து ஆடு சட்டென்று திரும்பி நின்றது. ஜனங்கள் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு பக்கம் மாறி ஓடினார்கள்.

ஏகாம்பரம் மட்டும் கதறினார்: "பொற்கொடி, உனக்குப் புண்ணியமாப் போகும், அதைப் பழையபடி திருப்பும்மா! நான் கிழக்குல உலை வெச்சேன், சோறு மேற்குல வேகுது!"