குமுதவல்லி வாய் திறந்த கதை

முன்னொரு காலத்திலே, குதிரைகள் வாய் திறந்து பேசிய காலத்திலே, பரிமங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ராஜாவும் குதிரையில் போவார், மோர் விற்கிறவளும் குதிரையில் போவாள். பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னால் பிடரிமயிரைப் பிடிக்கப் பழகிவிடும். நல்ல நாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அங்கே 'முதல் தாண்டல்' என்று ஒரு போட்டி நடக்கும். அதுவரை ஊர் முன்னால் தடை எதுவும் தாண்டாத பிள்ளைகளுக்கு மட்டும். முதலில் ஒரு வைக்கோல் கட்டு. அடுத்தது முழங்கால் உயரத்தில் ஒரு மூங்கில் கழி. கடைசியில் ஒரு வாய்க்கால். அவ்வளவுதான், ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும்!

ஆனால் போட்டிக்கு முந்தின நாள் அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம். ஊரில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு எடுத்துக்கொண்டு வருவார்கள். அதைக் குதிரைக்கு ஊட்டிக்கொண்டே, மறுநாள் ஏறப்போகிற பிள்ளையிடம், யாரோ ஒருவர் குதிரையிலிருந்து விழுந்த கதையைச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் அந்தக் கண்டம் கழிந்துபோகுமாம், பிள்ளைக்கு வராதாம். கேட்கிற பிள்ளை, போட்டியில் தாண்டி முடிக்கிற வரைக்கும் பதிலுக்கு வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அபசகுனமாம். அபசகுனம்! இவர்கள் அபசகுனத்தைத் தூக்கி உடைப்பில் போட!

இப்படி இருக்கும்போது வெடவெடப்பன் என்று ஒரு மந்திரவாதி அங்கே வந்து சேர்ந்தான். "ராஜாவே, அரண்மனைக் குதிரை லாயத்துக்கு என்னைத் தலைவன் ஆக்குங்க" என்றான். "ஏறிக் காட்டப்பா" என்றார் ராஜா. ஏறினான். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுந்தான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் எழுந்து மண்ணைத் தட்டினான், கையை ஓங்கிச் சாபம் விட்டான்.

"இனிமே முதல் தாண்டலுக்கு வர்ற எவனும் அந்த வாய்க்காலைத் தாண்ட மாட்டான். கரையிலேயே குதிரையோட கல்லா நிப்பான்!"

சாபம் என்று ஒன்று கொடுத்தால் விமோசனம் என்று ஒன்று சொல்லியாக வேண்டும் அல்லவா? அதையும் சொன்னான். "ஒரே ஒரு ஆள் தாண்டினாப் போதும், எல்லாரும் எழுந்திருப்பாங்க. எங்கே, தாண்டுங்க பார்க்கலாம்!" சொல்லிவிட்டு மறைந்துபோனான்.

அந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் கல்லானார்கள். அடுத்த வருஷம் இன்னும் சிலர். போட்டியை நிறுத்தினார்களா? நிறுத்தினால் நாட்டு மானம் போய்விடுமாம்! பிள்ளைகள் போனால் பரவாயில்லை, மானம் போகக் கூடாது. வயிறு எரிகிறதா இல்லையா?

கடைசியாகக் கல்லானவன் சடையப்பன். லாடம் அடிக்கிறவரின் மகன். அவனுடைய தங்கைதான் நம் குமுதவல்லி.

அண்ணன் கல்லாகி நின்ற நாளிலிருந்து குமுதவல்லிக்கு உள்ளே ஒரு கோபம் கனன்றுகொண்டே இருந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியாது. மந்திரவாதி மேலா, ராஜா மேலா, போய் நின்ற அண்ணன் மேலா? தினமும் வாய்க்கால் கரைக்குப் போய் அவன் மேல் இருக்கும் பறவை எச்சத்தைத் துடைப்பாள். "மடையா, மடையா" என்று திட்டிக்கொண்டே துடைப்பாள்.

மறுவருஷம் தண்டோரா போட்டதும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணைப் பறிகொடுத்தது போதாதாம்மா?"

"பறிகொடுத்ததைத்தான்பா திரும்ப வாங்கப் போறேன்" என்றாள்.

அவளுடைய குதிரை மிளகு. கறுப்பு மட்டக்குதிரை, பெண் குதிரை, பெயருக்கு ஏற்ற காரம். வீட்டுக் கொல்லையில் இருவரும் பழகினார்கள். வைக்கோலைத் தாண்டினார்கள், கழியைத் தாண்டினார்கள், சாக்கடையைக்கூடத் தாண்டினார்கள். ஒரு தடங்கல் இல்லை. எல்லாம் போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும்தான்.

முதலில் காத்தாயி அத்தை வந்தாள், கையில் ஒரு பிடி கொள்ளோடு. "உன் பெரியப்பன் மகன் வைக்கோல் கட்டுலதான் விழுந்தான். முன்பல்லு ரெண்டும் போச்சு. இன்னிக்கும் அவன் 'பலாப்பழம்'னு சொன்னா எதிர்ல நிக்கிறவன் முகத்தைத் துடைச்சுக்கணும். பயப்படாதே தாயி, சும்மா சொல்லி வச்சேன்!"

குமுதவல்லி வாய் திறக்கவில்லை. மிளகு கொள்ளைத் தின்றாள்.

அடுத்து அரண்மனை மணியக்காரர் வந்தார், கையில் ஒரு பிடி கொள்ளோடு. "மூங்கில் கழி கிட்ட வந்ததும் என் மச்சினன் குதிரை சடக்குனு நின்னுடுச்சு. குதிரை நின்னுச்சு, அவன் நிக்கலை. பறந்து போய்ப் புளியமரத்துல இடிச்சான். இடுப்பு இன்னும் நிமிரலை. பயப்படாதே தாயி, சும்மா சொல்லி வச்சேன்!"

குமுதவல்லி வாய் திறக்கவில்லை. மிளகு கொள்ளைத் தின்றாள்.

இப்படி ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது. பொழுது சாய்கிற நேரத்தில், இதுவரை பார்த்திராத ஒரு வளையல்காரன் வந்தான், கையில் ஒரு பிடி கொள்ளோடு. குரலைத் தாழ்த்திச் சொன்னான். "உன் அண்ணன் கல்லாகும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். உன்னைக் கூப்பிடப் பார்த்தான். வாய் வரலை. அந்தக் கண்ணை இன்னும் என்னால மறக்க முடியலை. பயப்படாதே தாயி, சும்மா சொல்லி வச்சேன்!"

குமுதவல்லிக்கு அவனை அப்படியே அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வழக்கம் ஆயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் போன பிறகு பார்த்தால் கடிவாளம் பிடித்த கை நடுங்குகிறது. மத்தியானம் வரை எத்தனையோ தரம் தாண்டியவளுக்கு, எப்படித் தாண்டுவது என்றே மறந்துவிட்டது.

"அடியே குமுதா" என்று மிளகு முனகினாள். "என்னால நடக்க முடியலைடி."

"ஏன், நல்லாத்தானே தின்னே?"

"நல்லாத் தின்னேன், நல்லா அனுபவிக்கிறேன். தின்ன கொள்ளு அத்தனையும் வயித்துக்குள்ள கல்லாக் கிடக்கு. ஒவ்வொருத்தரும் சொன்ன கதையைக் கேட்டுட்டு நீ வாயை மூடிக்கிட்டு முழுங்குறே பாரு, அப்ப ஒரு பிடி கல்லாகுது. உன் கையில இருக்கிற நடுக்கம் கடிவாளம் வழியா எனக்கு வருது, அப்ப அது இன்னும் கனக்குது. போன வருஷம் உன் அண்ணன் குதிரையும் இப்படித்தான் முனகுச்சு. யாரு கேட்டா?"

"இதுக்கு என்னடி பண்றது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் குதிரையா இருக்கேன்?" என்று மிளகு சிடுசிடுத்தாள்.

மறுநாள் காலையில் தாரை முழங்கியது, தப்பட்டை அடித்தார்கள். ராஜா பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க வரப்பில் நின்றது. அந்த வருஷம் பெயர் கொடுத்தது குமுதவல்லி ஒருத்திதான். மற்ற வீடுகளில் எல்லாம் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்தவன் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். என்ன ஜனங்களோ!

குமுதவல்லி குதிகாலால் தட்டினாள். மிளகு ஓடினாள். வைக்கோல் கட்டு. பல் போனவன் நினைவு வந்தது. மிளகு கனமாக எழும்பி, தொப்பென்று அந்தப் பக்கம் இறங்கினாள். குளம்புகள் நான்கும் சாம்பல் நிறமாகிவிட்டன.

மூங்கில் கழி. இடுப்பு ஒடிந்தவன் நினைவு வந்தது. மிளகின் பின்னங்கால் கழியில் மோதிக் கழி ஆடியது. நல்லவேளை, விழவில்லை. ஆனால் இப்போது முழங்கால் வரைக்கும் கல்.

வாய்க்கால் தெரிந்தது. கரையில் கல்லான பிள்ளைகள் வரிசையாகக் குதிரைகளோடு நின்றார்கள். மிளகு ஓடினாள், நடந்தாள், இழுத்து இழுத்து வந்தாள், கடைசியில் நின்றே போனாள். சேணத்திலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறி, குமுதவல்லியின் பாதம் மரத்தது. கணுக்கால் மரத்தது. 'அவ்வளவுதான், நாமும் போனோம்' என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

தினமும் துடைத்த முகம்தான். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அண்ணன் உதட்டை இறுக்கி மூடியிருந்தான். அடுத்த பிள்ளையைப் பார்த்தாள். அவளும் அப்படியே. அதற்கடுத்தவனும் அப்படியே. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டே கல்லாகியிருந்தார்கள். வழக்கத்தை மதித்த நல்ல பிள்ளைகள்!

வந்தது பாருங்கள் கோபம். இத்தனை நாள் யார் மேல் என்று தெரியாமல் புகைந்த கோபம், இப்போது ஆளைக் கண்டுகொண்டது.

"எனக்குப் பயமா இருக்கு!" என்று கத்தினாள். வரப்பெல்லாம் எதிரொலித்தது. "கேட்டுச்சா உங்களுக்கு? பயமா இருக்கு! கை நடுங்குது, வாந்தி வருது, வீட்டுக்கு ஓடிப்போயிடலாம்னு இருக்கு!"

கூட்டம் வாயைப் பிளந்தது. "ஐயையோ, பேசுறாளே! அபசகுனம்!"

"காத்தாயி அத்தே! பல்லு போனது அவனுக்கு. அதை ஏன் என் தலையில கட்டுறீங்க? பல்லு போன பிறகு மறுநாளே அவன் குதிரை ஏறினானே, அதை ஏன் சொல்லலை?"

படாரென்று சத்தம். மிளகின் முன்னங்கால்களிலிருந்து கல் பாளம் பாளமாக உதிர்ந்தது.

"மணியக்காரரே! உங்க மச்சினனுக்கு இடுப்பு ஒடிஞ்சா அவருக்குப் போய் எண்ணெய் தடவுங்க. என்கிட்ட எதுக்கு வந்து அழறீங்க? சும்மா சொல்லி வச்சீங்களா? சும்மா இருக்க முடியாதா உங்களால?"

படாரென்று சத்தம். பின்னங்கால்களும் விடுபட்டன.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து வளையல்காரன் பாய்ந்து வந்தான். "வாயை மூடு! ஏறினவ பேசக் கூடாது! அதுதான் வழக்கம்!" முகமெல்லாம் வியர்த்து, உடம்பெல்லாம் வெடவெடக்கக் கத்தினான். வளையல்காரன் வேஷத்தில் வந்தது வெடவெடப்பன்தான் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீதானா?" என்றாள் குமுதவல்லி. "ஊர் சிரிச்சதுக்கு ஊர் மேல கோபப்படு, அது நியாயம். நானும்தான் படுறேன். பிள்ளைங்களைக் கல்லாக்குறியே, வெட்கமா இல்லை? என் அண்ணன் கண்ணைப் பத்திப் பேச உனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?"

மிளகு ஒரு முறை உடம்பை உதறினாள். வயிற்றுக்குள் கடகடவென்று உருண்ட கல் எல்லாம் பழையபடி கொள்ளாகிவிட்டது. "அப்பாடா!" என்றாள். "போலாமாடி?"

"பயம் இன்னும் போகலைடி மிளகு."

"அது வரட்டும் கூட. ஊரைச் சுமந்தவளுக்கு நீயும் உன் பயமும் ஒரு சுமையா? பிடரியைப் பிடிச்சுக்கோ!"

பாய்ந்தார்கள். அழகான தாண்டல் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஒரு கால் அங்கவடியிலிருந்து கழன்றது, கொண்டை அவிழ்ந்தது, குமுதவல்லி மிளகின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கினாள். அலறினாள் வேறு. ஆனால் மிளகின் நான்கு குளம்பும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் பதிந்தன.

அவ்வளவுதான், கரை நெடுக வெடிச் சத்தம். கல் தோல் உரிந்து குதிரைகள் கனைத்தன, பிள்ளைகள் இருமினார்கள். பெற்றவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். வெடவெடப்பனோ வாயைப் பொத்திக்கொண்டான், பயனில்லை. அவன் சாபம் கொள்ளுக்குள் அடைத்துக் கல்லாக்கிய, குதிரையிலிருந்து விழுந்த கதைகள் அத்தனையும் அவன் வாயிலேயே வந்து நின்றன. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே காட்டுக்குள் ஓடினான். அங்கே குரங்குகள்கூட அவனைக் கேட்க மறுத்து மரம் மாறுகின்றனவாம்.

ராஜா தட்டு நிறையப் பொன்னோடு ஓடி வந்தார். "மகளே, அரண்மனை லாயத்துக்கு இனி நீதான் தலைவி. வேறென்ன வேண்டும், கேள்!"

"அந்த வழக்கத்தை ஒழிச்சுக் கட்டுங்க. முந்தின நாள் ஏறப்போற பிள்ளை பேசட்டும். ஊர் வாயை மூடிக்கிட்டுக் கேட்கட்டும்" என்றாள். அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா. தட்டை அப்பா கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குமுதவல்லி வாய்க்காலில் இறங்கிக் கடந்தாள், இடுப்பளவு தண்ணீரில்.

சடையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். போன வேகத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தாள்.

"பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடா! ஒரு வருஷம்டா! ஒரு வருஷம் உன்னைத் துடைச்சிருக்கேன்டா!" என்று கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள்.

அவன் உதடு பிரிய நேரமானது. "நீ சிரிப்பேன்னு நினைச்சேன் குமுதா" என்றான். பிறகு மெல்ல, "அன்னிக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றான்.

குமுதவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனைக் கரையில் இழுத்து உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், பொழுது இறங்கும் வரைக்கும் கேட்டாள். பரிமங்கலத்துப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விழுந்தார்கள், எழுந்தார்கள், தாண்டினார்கள். ஒருவரும் கல்லாகவில்லை.