பதினான்காவது கூடை

விடை தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இக்கதையில் எது முதலில் முடிவு செய்யப்பட்டது, எது பின்னர் நடந்தது என்பதில் கண் வையுங்கள்.

மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் பெண்களே நடத்தும் அப்பளச் சங்கம் ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் காலையில் சங்கக் கூடத்தில் வரிசையாக நின்று, பிசைந்த உளுந்து மாவை நிறுத்து வாங்கிச் செல்வார்கள். வீட்டில் தேய்த்து, காயவைத்து, கூடையில் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். அப்பளம் ஒன்று சராசரியாக ஆறு கிராம் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மாவில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மெலிதாகத் தேய்த்தால் எண்ணிக்கை குறையாது, எடைதான் குறையும். அப்படிக் குறைத்தவளுக்குத் தண்டனை ஒன்றே. அடுத்த பொதுக்கூட்டம் வரை அவள் மாவு வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். கடைசியில் கிடைப்பது இறுகிப்போன மாவு. தேய்த்தால் ஓரம் வெடிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் ஏன் கடைசியில் நிற்கிறாள் என்பது ஊருக்கே தெரியும் என்பதைத்தான் பொறுக்க முடியாது.

எல்லா அப்பளமும் ஒரே எடையில் அமைவதில்லை. கையின் அழுத்தம் மாறும், வெயில் மாறும். ஆகவே தர மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டிருந்த பரிமளா, புள்ளியியலில் பட்டம் பெற்றவள், ஒரு முறையை வகுத்தாள். தேய்த்தவள் நேர்மையானவள் என்று வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, அவளுடைய ஒரு கூடையில் மேலும் கீழும் துழாவி முப்பது அப்பளம் எடுத்துச் சராசரி எடை காண வேண்டும். அது குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் மட்டுமே குற்றம். நேர்மையான கையின் கூடையும் இருபதில் ஒரு முறை தற்செயலாக அந்த எல்லைக்குக் கீழே விழக்கூடும் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

“அந்த ஒருத்தி பாவமில்லையாடி?” என்று கேட்டாள் சங்கத் தலைவி இருளாயி.

“எல்லையை இன்னும் இறக்குனா, நெசமாவே எடுக்கிறவங்க தப்பிச்சிருவாங்கக்கா.”

எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்டார்கள்.

செயலாளர் திலகவதிக்குப் பஞ்சவர்ணம் என்ற உறுப்பினர் மேல் ஐயம். அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பளம் பொரியும் வாசனை வருகிறதாம். பஞ்சவர்ணத்தின் கூடை சோதனைக்கு வந்தது; தேறியது.

“அடுத்த கூடையையும் பாரு பரிமளா,” என்றாள் திலகவதி.

“ஒரு தடவைதான்னு பேச்சுக்கா.”

“சந்தேகம் தீரணும்ல? தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம்?”

பரிமளாவுக்கு அந்த வேலை திலகவதியின் சிபாரிசில் கிடைத்தது. அடுத்த கூடையையும் நிறுத்தாள். அதுவும் தேறியது. அதற்கடுத்ததும். கூடை வந்து இறங்கும்போதெல்லாம் பரிமளா தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்காமலிருக்க அது ஒரு வழி.

“ஏத்தா, எங்கூடையில மட்டும் என்ன தங்கமா கெடக்கு?” என்று ஒரு நாள் கேட்டாள் பஞ்சவர்ணம். பரிமளா முப்பது அப்பளத்தை எண்ணித் தட்டில் வைத்தாள்.

பதின்மூன்று கூடைகள் தேறின. பதினான்காவது கூடையின் சராசரி, எல்லைக்கு மயிரிழை கீழே விழுந்தது.

பொதுக்கூட்டத்தில் பஞ்சவர்ணத்தை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

“அன்னிக்கு வெயிலு கூடுதல். நல்லாக் காஞ்சிருச்சு,” என்றாள் அவள்.

“வெயிலு ஒங்க மொட்டமாடியில மட்டும் தனியாவா அடிச்சுச்சு?” என்றாள் திலகவதி. கூடமே சிரித்தது. “விதின்னா விதிதான். எல்லைக்குக் கீழ போயிருச்சு. மாவை எடுத்திருக்கா.”

“சிரிக்காதீங்கடி!” என்று அதட்டினாள் இருளாயி. “பதிமூணு தடவை தேறுனவ. அவ எடுக்கலைங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எல்லோரும் பரிமளாவைப் பார்த்தார்கள். அவள் மெல்ல எழுந்தாள்.

“இவங்க எடுத்தாங்கன்னு நிரூபணமாகல. ஆனா எடுக்கலைன்னும் தராசு சொல்லல.”

பஞ்சவர்ணம் அவள் பக்கம் திரும்பினாள். “தராசு கெடக்கட்டும். நீ சொல்லு ஆத்தா. நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

பரிமளா தலை குனிந்தாள். பஞ்சவர்ணம் கூடத்தை விட்டு வெளியேறினாள்.

திலகவதி, இருளாயி, பரிமளா மூவரும் பேசியது அதே பதினான்கு நிறுவைகளைப் பற்றித்தான். ஒருத்தி குற்றம் உறுதி என்றாள். ஒருத்தி நேர்மை உறுதி என்றாள். ஒருத்தி இரண்டும் உறுதியில்லை என்றாள். இவர்களுள் யார் சொன்னது சரி? சரியாகச் சொன்னவள் ஏன் தலை குனிந்தாள்?

விடை: பரிமளா சொன்னதே சரி. எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை ஒன்றே. அது முதல் கூடையோடு முடிந்துவிட்டது. இருபதில் ஒரு முறை தவறக்கூடிய சோதனையைப் பதினான்கு முறை நடத்தினால், ஒரு பாவமும் அறியாதவள் ஒரு முறையாவது சிக்குவதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. திலகவதி நடத்தியது சோதனையன்று. நாணயத்தைச் சுண்டிவிட்டு ஒருத்தியின் மானத்தைப் பணயம் வைத்தது. இருளாயியின் பரிவு நல்லது, முடிவு தவறு. சிட்டிகை மாவு மட்டும் எடுப்பவளும் பதின்மூன்று முறை தேறியிருக்கக்கூடும். குற்றத்துக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது நேர்மைக்குச் சான்றாகிவிடாது. ஆனால் பரிமளா பாதியைத்தான் சொன்னாள். நேர்மை அந்தச் சோதனையின் முடிவாக வரவேண்டிய ஒன்றன்று. சோதனை தொடங்கியதே அதை ஏற்றுக்கொண்டுதான். அதை அசைக்கும் சான்று வராதபோது, பஞ்சவர்ணம் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். “ஒங்களை நம்பித்தான் தொடங்கினோம், அந்த நம்பிக்கையை மாத்திக்க ஒரு காரணமும் கிடைக்கல” என்று அவள் கேட்ட இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், இரண்டாவது கூடையில் கை வைத்தது ஏன் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் தலை குனிந்தாள். கூட்டம் கலைந்த பிறகுதான் பரிமளாவுக்கு வாய் வந்தது. கேட்க வேண்டியவள் அப்போது அங்கே இல்லை.