ஆறு நாள் எரிந்த அடுப்பு

“அம்மா, என் மனசு ஓடிக்கிட்டே இருக்குதுங்க. எதை மாத்தினா நிக்கும்?”

கேட்டவர் செங்கோடன். வயது அறுபத்து மூன்று. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி உதிரிபாகக் கடை நடத்தியவர்.

அவர் கேட்டது மாதேவி அம்மாவிடம். வயது நாற்பத்தொன்று. கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவின் முடிவில் இருந்த ஒரு சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. சமையல் செய்கிற பெள்ளியையும் சேர்த்து அங்கே பதினோரு பேர்.

“இதுவரைக்கும் எதையெல்லாம் மாத்தினீங்க ஐயா?”

“மந்திரம் மூணு தடவைங்க. மூச்சுப் பயிற்சி ரெண்டு தடவை. ஆசிரமம், இது நாலாவது.”

“மாத்தினப்போ நின்னுதா?”

“மூணு நாலு நாள் நிக்குமுங்க. அப்புறம் பழையபடி.”

மாதேவி அம்மா கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“கூடத்துல இருக்கற அடுப்பு இதுக்கு நேர்மாறு. உங்க மனசு நிக்க மாட்டேங்குது. அது எரிய மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

செங்கோடன் வந்தது இதற்கல்ல. இருந்தாலும் எழுந்து போனார்.



அது பெல்லட் அடுப்பு. பக்கத்து பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. இருபது வருஷப் பழசு.

மேலே ஒரு தொட்டி. அதில் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னத் துண்டுகளைக் கொட்ட வேண்டும். அடியில் ஒரு மோட்டார் சுற்றும். அது துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இரும்புக் கிண்ணத்தில் தள்ளும். ஹீட்டர் கம்பி சூடேறிப் பற்றவைக்கும். புகையை ஒரு ஃபேன் இழுத்து, குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பும்.

மார்கழி. காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். ஐந்தரை மணிக்கு எல்லோரும் கூடத்தில் தியானத்துக்கு உட்காருவார்கள். பத்து நிமிஷம் அடுப்பு எரியும். பிறகு அணைந்துவிடும்.

செங்கோடன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கை தானாக ஸ்பேனரைத் தேடியது. நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு உற்சாகமாக இருந்தது.

“ஹீட்டர் கம்பி போயிருச்சுங்க” என்றார்.

கோயம்புத்தூருக்கு போன் செய்தார். பஸ் பார்சலில் புதுக் கம்பி வந்தது. கிண்ணத்தைக் கழற்றி, சாம்பலைக் கொட்டி, கம்பியை மாட்டினார்.

அடுப்பு எரிந்தது.

“கம்பிதான் பழுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று மாதேவி அம்மா கேட்டார்.

“மாத்தினதும் எரியுதுங்களே.”

“ம்.”

மூன்றாம் நாள் காலை அடுப்பு அணைந்தது.



“மோட்டாருங்க. கம்பியும் போய், மோட்டாரும் போயிருக்குது. பழைய வண்டியில ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும்.”

புது மோட்டார் வந்தது. கிண்ணத்தைக் கழற்றி, சாம்பலைக் கொட்டி, மோட்டாரை மாட்டினார்.

அடுப்பு எரிந்தது. நாலு நாள்.

ஐந்தாம் நாள் அது அணைந்தபோது தியானத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் செங்கோடன் அடுப்பின் பின்பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. தீப்பெட்டி அளவு. ஒரு பக்கம் இரண்டு ஒயர். மறுபக்கம் மெல்லிய ரப்பர் டியூப். அடுப்பு எரியும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்பதாவது நிமிஷத்தில் அந்த ஸ்விட்ச் ‘டிக்’ என்றது. மோட்டார் நின்றது. தீ அடங்கியது.

“திருடனைப் புடிச்சுட்டனுங்க.”

மாதேவி அம்மாவும் வந்து பக்கத்தில் குந்தினார். “இது எதுக்கு இங்க இருக்கு?”

“அடுப்பை நிறுத்தறதுக்குங்க.”

“எப்போ நிறுத்தும்?”

“இதுக்குத் தோணறப்பவெல்லாம் நிறுத்துதுங்க.”

மாதேவி அம்மா சிரித்தார். 

அந்த ஸ்விட்ச் கோயம்புத்தூரில் கிடைக்கவில்லை. சென்னையிலும் இல்லை. பழைய மாடல், இனி வராது என்றார்கள். செங்கோடன் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி, டேப் சுற்றினார்.

அடுப்பு எரிந்தது.

மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும். கூடம் முழுக்க வெதுவெதுப்பு. இடுக்கில் குளிர் நுழையாமல் ஜன்னல்களுக்குத் துணி வைத்து அடைத்தார்கள். ஊதுவத்தி மணத்தோடு லேசாகப் புகை மணமும் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதேவி அம்மா அந்த ஸ்விட்சைப் பற்றி மேலே ஏதோ கேட்க நினைத்திருந்தார். வெதுவெதுப்பு வந்ததும் கேள்வி போய்விட்டது.



டேப் சுற்றிய ஐந்தாம் நாள் செங்கோடன் மாதேவி அம்மாவைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, நின்னுருச்சுங்க.”

“அடுப்பா?”

“மனசுங்க. இன்னைக்குக் காலையில நின்னுருச்சு. ஒரு நினைப்பு இல்லை. உடம்பே இல்லாத மாதிரி கனமெல்லாம் போயிருச்சு. எழுந்திரிக்கவே மனசு வரலைங்க.”

மாதேவி அம்மா அவரை நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாருமே ரெண்டு நாளா அப்படித்தான் சொல்றாங்க” என்றார். “எனக்கும் ஆழமாத்தான் போகுது.”

செங்கோடன் அன்று சாப்பிடவில்லை. பசிக்கவில்லை. தலை கொஞ்சம் வலித்தது. முப்பது வருஷச் சுமை இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டார்.



ஏழாம் நாள் காலை.

சமையல்கட்டு வேலையை முடித்துவிட்டு பெள்ளியும் வந்து, கடைசி வரிசையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கூடத்தில் இடம் இருந்தால் உட்காருவாள். வேலை இருந்தால் எழுந்து போய்விடுவாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் மெல்லச் சாய்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் தூக்கம் என்று நினைத்தார். அவள் கை அடுப்பின் சூடேறிய இரும்புக் கதவில் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தோல் கருகும் வாசனையில்தான் மாதேவி அம்மா கண்ணைத் திறந்தார்.

எழுந்திருக்க முயன்றார். கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். ஜன்னல் துணிகளைப் பிடுங்கினார். “எல்லாரும் வெளியே வாங்க” என்றார். இரண்டு பேர் மட்டும் அசைந்தார்கள். மற்றவர்களைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. பெள்ளியை அவரும் செங்கோடனும் இழுத்துக்கொண்டு வந்து உறைபனிப் புல்லில் போட்டார்கள்.

செங்கோடன் அங்கேயே வாந்தி எடுத்தார்.

பெள்ளி கண் திறக்கவில்லை. ஆனால் மூச்சு இருந்தது.

எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அவள் முகத்தில் ஆக்சிஜனை வைத்துவிட்டு, மற்றவர்களின் முகங்களைப் பார்த்தார்.

“எத்தனை நாளா தலைவலி?”

நாலு பேரின் கை நெற்றிக்குப் போயிற்று.

“மூடின ரூம்ல அடுப்பு எரிச்சீங்களா? புகை வெளியே போகலைன்னா விஷவாயு சேரும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதல்ல தலை வலிக்கும். அப்புறம் சுகமா இருக்கற மாதிரி இருக்கும். அப்புறம் எழுந்திரிக்க மாட்டீங்க.”

செங்கோடன் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.



மத்தியானம் பெள்ளி கண் விழித்தாள். மறுநாள் அனுப்புகிறோம் என்றார்கள்.

செங்கோடன் ஆசிரமத்துக்குத் திரும்பிப் பையைக் கட்டினார்.

“நான் போறனுங்கம்மா. கொல்லப் பாத்துட்டேன்.”

“போங்க” என்றார் மாதேவி அம்மா. “அந்த ரெண்டு ஒயரைப் பிரிச்சுட்டுப் போங்க.”

செங்கோடன் பையை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். டேப்பைப் பிரித்தார். ஸ்விட்சை எடுத்து வந்து பழைய இடத்தில் மாட்டினார்.

“பழைய மோட்டார் இருக்கா?”

“இருக்குதுங்க. கம்பியும் இருக்குது. எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை.”

“அதையும் மாட்டுங்க.”

“அது செத்துப்போனதுங்க.”

“செத்துப்போச்சுன்னு யார் பாத்தாங்க? நானும் பாக்கலை. பாத்துடலாம்.”

புது மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழைய மோட்டாரை மாட்டினார். புதுக் கம்பியை எடுத்துவிட்டுப் பழைய கம்பி. அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை.

“இதுல நீங்க திறக்காத இடம் எது?”

செங்கோடன் யோசித்தார். “கிண்ணத்துக்குப் பின்னால ரெண்டு தகடு இருக்குதுங்க. அங்க மாத்தறதுக்குப் பொருள் ஒண்ணும் இல்லை. புகை போற வழி மட்டும்தான். அதனால திறக்கலை.”

மாதேவி அம்மா டார்ச்சை எடுத்து நீட்டினார்.

நாலு திருகுதான். தகடு விழுந்ததும் சாம்பல் அவர் முழங்கால் வரை சரிந்தது. சாம்பல்நிற மாவு போல இருந்தது. கை விட்டார், முழங்கை வரை போயிற்று. அள்ள அள்ள வந்தது. இரண்டு வாளி. அப்புறம் கூரை மேல் ஏறிக் குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் நுழையும் அளவு ஓட்டைதான் பாக்கி இருந்தது. ஃபேன் இறக்கைகளில் கரி அப்பியிருந்தது. சுரண்டினார். ஸ்விட்சுக்குப் போகிற மெல்லிய ரப்பர் டியூபை வாயில் வைத்து ஊதினார். புகை கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த கயிறு இற்றுப்போய்க் கையோடு வந்தது. அதற்கு மட்டும் புதுசு வேண்டியிருந்தது.

மறுநாள் கயிறு வந்தது. ஒட்டினார். ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பைப் போட்டார்.

பழைய கம்பி சிவந்தது. பழைய மோட்டார் சுற்றியது. தீ வெள்ளையாக, நேராக நின்றது. ஒன்பதாவது நிமிஷம் வந்தது. இருவரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் ஸ்விட்ச் எந்தச் சத்தமும் செய்யவில்லை.

“புகை போக வழியில்லாதப்பவெல்லாம் அது சரியாத்தான் நிறுத்தியிருக்குது” என்றார் செங்கோடன். “நான் கிண்ணத்துச் சாம்பலைக் கொட்டினதாலதான் ரெண்டு மூணு நாள் எரிஞ்சிருக்குது.”

பிறகு கேட்டார்:

“அம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?”

“என்னது?”

“நான் செய்யறது தப்புன்னு. நானா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டீங்களா?”

“தெரிஞ்சிருந்தா பெள்ளியக்காவை அங்க உக்கார விட்டிருப்பேனா?” மாதேவி அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கும் நாலு நாளா தலை வலிச்சுது ஐயா. நான் அதை தியானம்னு நினைச்சேன்.”

செங்கோடன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“குருவுக்கே தெரியலைன்னா, நான் யாரைத்தான் கேக்கறதுங்க?”

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பெள்ளி இறங்கி வந்தாள். கையில் கட்டு. முகம் வெளுத்திருந்தது.

செங்கோடன் எழுந்து ஓடினார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

“தாயி, உனக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா? தலை, உடம்பு, ஏதாவது?”

பெள்ளி கூச்சத்தோடு தலையைக் குனிந்தாள்.

“முதல் நாள்லேருந்தே தலை சுத்துச்சுங்க. குமட்டிச்சு. அடுப்புல ஏதோ கோளாறுன்னு தோணிச்சு.”

“சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எல்லாரும் அவ்வளவு அமைதியா உக்காந்திருந்தீங்க. எனக்குத்தான் தியானம் வரலைன்னு நினைச்சுக்கிட்டேங்க.”

செங்கோடன் திரும்பிப் பார்த்தார்.

மாதேவி அம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் மெல்ல இறங்கி, பெள்ளியின் முன்னால், ஈரப் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“முதல் நாள்லேருந்து சொல்லுங்க அக்கா.”