பதில் வணக்கம்

பொன்மலையில் ஒரு சமுதாயக் கூடம். அங்கே ஜூடோ சொல்லிக் கொடுப்பவர் ரெஜினா மாஸ்டர். அவருடைய சீடர் பழனியாண்டி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பஸ் கண்டக்டர். நாற்பது வயதுக்கு மேல் என்ன குஸ்தி வேண்டிக்கிடக்கிறது என்று டெப்போவே சிரித்தது. மனிதர் அசரவில்லை.

அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் தன் வெள்ளை உடையைத் துவைத்து, மடித்து, கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"யாருக்காவது குடுத்துடுங்க மாஸ்டர். நான் இனிமே வரல."

காரணம் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பு பயிற்சியில் அவர், கூடப் பயிலும் தமீமைத் தூக்கிப் போட்டார். தூக்கிப் போடுகிறவர், விழுகிறவரின் சட்டைக் கையைக் கடைசிவரை விடக் கூடாது. அந்தப் பிடிதான் விழுகிறவரைக் காப்பாற்றும். பழனியாண்டிக்கோ அதுவரை ஒருவரையும் முழுதாகத் தூக்கிப் போட வந்ததில்லை. அன்று வந்துவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பாதியிலேயே பிடியை விட்டு, ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். தமீம் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தமீம் தையற்காரர்.

அந்தத் தமீம் அன்றுதான் திரும்பி வந்திருந்தார். மெத்தை ஓரம் உட்கார்ந்து இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பழனியாண்டி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்."

"கேளுங்கண்ணே."

"ஆரம்பிக்கும்போது எதிர்ல நிக்கிறவருக்குக் குனிஞ்சு வணக்கம் வைக்கச் சொல்றீங்க. அன்னிக்கும் நான் ஒழுங்காத்தான் குனிஞ்சேன். அடுத்த நிமிஷம் அவர் கைய ஒடிச்சேன். அப்ப அந்த வணக்கத்துக்கு என்னதான் அர்த்தம்?"

மாஸ்டர் மடித்த உடையை அவரிடமே நீட்டினார்.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும் போட்டுட்டு வாங்க."

வந்தார். மாஸ்டர் மேனகாவைக் கூப்பிட்டார். கல்லூரி மாணவி, ஒல்லி. சேர்ந்து இரண்டே மாதம். பழனியாண்டி எடைக்கு ஒருவரை அவள் தூக்கியதே இல்லை.

"அண்ணனைத் தூக்கிப் போடும்மா."

இருவரும் எதிரெதிரே நின்று குனிந்தார்கள். மேனகாவின் ஒல்லிக் கைகளைக் குனிந்தபடியே பழனியாண்டி பார்த்தார். நிமிர மனமில்லாமல்தான் நிமிர்ந்தார்.

அவள் சட்டையைப் பிடித்தாள், திரும்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தொம்மென்று விழுந்தார் மனிதர். அவருடைய சட்டைக் கை அவள் பிடியில் பத்திரமாக இருந்தது.

"அடி பட்டுச்சாண்ணே?"

"இல்ல மாஸ்டர்."

"குனிஞ்சப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுங்க."

"அம்மா தாயே, கைய மட்டும் விட்டுடாதேன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"தமீமும் அன்னிக்கு அதைச் சொல்லித்தான் குனிஞ்சாரு" என்றார் மாஸ்டர். "நீங்களும் பதிலுக்குக் குனிஞ்சீங்க."

பழனியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மெத்தையிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே யாரோ வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தார். தமீம்.

"எந்திரிங்கண்ணே. என்னை இன்னொரு தடவை தூக்கிப் போடுங்க."

"வேணாம் தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான்" என்றார் தமீம். சொல்லிவிட்டுக் குனிந்தார்.

பழனியாண்டி எழுந்து நின்றார். உடனே குனிந்துவிடவில்லை. தமீமின் மணிக்கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகுதான் குனிந்தார். நிமிரவும் நேரமானது.

தூக்கிப் போட்டார். தமீம் பக்கவாட்டில் அழகாக விழுந்து, இன்னொரு கையால் மெத்தையைத் தட்டி அடியைத் தாங்கிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தார். பழனியாண்டி மட்டும் அப்படியே நின்றார். தமீமின் சட்டைக் கை இன்னும் அவர் பிடிக்குள்ளேயே இருந்தது.

ரெஜினா மாஸ்டர் அருகில் வந்தார்.

"இனி விடலாம்ணே. அவர் எந்திரிச்சுட்டாரு."