செவலை ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டம்

ஏழுபாறைப்பட்டிக்குப் போனவர்கள் பலர் உண்டு. போன காரியத்தின் ஞாபகத்தோடு திரும்பியவர்கள் குறைவு.

அந்த ஊர் ஒச்சம்மாவிடம் ஒரே ஒரு ஆடு இருந்தது. பெயர் செவலை. ஒருநாள் ஊர்த்தலைவர் தவசிலிங்கம் பேசிக்கொண்டிருக்கும்போது அது தும்மிவிட்டது. தலைவர் அதை இழுத்துப்போய், பயிர் மேய்கிற ஆடுமாடுகளை அடைக்கும் ஊர்ப் பவுண்டில் தள்ளி, கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார்.

"எப்ப விடுவீங்க தலைவரே? வீட்டுல ரெண்டு குட்டி பாலுக்குக் கத்துதே!"

"மனசு வரும்போது விடுவேன்."

மனசு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாததால் ஒச்சம்மா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மாலைவரை நின்றாள். வந்தது மினிபஸ்தான்.

கண்டக்டர் விஷயத்தைக் கேட்டார். "ஏன்க்கா, ஒருத்தர் வச்சதுதான் சட்டமா? நாட்டுக்கு அரசியல் சட்டம் இருக்கே, அது மாதிரி ஊருக்கு ஒண்ணு எழுதுங்க. தலைவரும் அதுக்குக் கட்டுப்படணும். எல்லாரும் சமம்னு முதல்ல போடுங்க. நாலு இடத்துல இருக்கிற நல்லதை எடுத்துச் சேருங்க. கடைசியா, மக்கள் தங்களுக்குத் தாங்களே வழங்கிக்கணும். அவ்வளவுதான்." விசில் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

யோசனை தலைவருக்கும் பிடித்துவிட்டது. தன்னை யாராவது கட்டுப்படுத்த மாட்டார்களா என்று அவர் வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தாராம்.

ஊரிலேயே விவரமானவர் என்று பெயரெடுத்த சீனிச்சாமி ஒரு நோட்டில் 'எல்லாரும் சமம்' என்று எழுதினார். பிறகு நாலு பேர் நாலு திசைக்குப் போனார்கள். கிழக்கே போனவர் 'புயல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது' என்பதைக் கொண்டுவந்தார். தெற்கே போனவர் 'ஒரு பரிசலில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்றார். வடக்கே போனவர் 'யானை வழியில் வேலி போடக் கூடாது' என்றார். மேற்கே போனவர் வெறுங்கையோடு வந்தார். "கேட்டேன். அவங்க சட்டம் அவங்களுக்கே வேணுமாம்."

ஏழுபாறைப்பட்டியில் கடலும் இல்லை, ஆறும் இல்லை, யானையும் இல்லை.

"எழுதி மூணு நாளாச்சு, ஒருத்தன் மீறலையே! இப்படி ஒரு ஜனம் எங்கே கிடைக்கும்?" சீனிச்சாமிக்குக் கண் கலங்கியது.

"செவலையைப் பத்தி ஒண்ணும் இல்லையேண்ணே?"

"பொறு தங்கச்சி. முதல்ல கடலைக் காப்பாத்துவோம்."

வழங்கும் நாளும் வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் நோட்டை வைத்து, ஊரே பவுண்டுக்கு முன்னால் கூடித் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு நாழிகை ஆயிற்று.

"ஏன் யாரும் வாங்கலை?" என்றார் தலைவர்.

"எல்லாரும் கொடுக்கிற பக்கம் நிக்கிறோமே. வாங்க ஆள் இல்லை," என்றார் சீனிச்சாமி.

"நீ அந்தப் பக்கம் போயேன்."

"போனா நான் கொடுத்ததா ஆகாதே!"

ஒச்சம்மா கம்பிக்குள் பார்த்தாள். "செவலை சும்மாதானே நிக்குது. இந்த ஊர்லதான் பிறந்துச்சு."

தாம்பாளத்தைக் கம்பியோரம் நீட்டினார்கள். செவலை நோட்டை மூக்கால் தள்ளிவிட்டு, வெற்றிலையைத் தின்றது.

"வெத்தலையை எடுத்தாச்சு, சம்மதம்!" என்று சீனிச்சாமி கத்தினார். உடனே முகம் வாடினார். "தலைவரே, தப்பு நடக்குது. சட்டம் வந்தாச்சு. எல்லாரும் சமம். அது உள்ளே இருக்கு, நாம வெளியே இருக்கோம்."

தலைவர் பதறிக் கதவைத் திறந்தார். ஊரே திபுதிபுவென்று உள்ளே போனது. நெரிசல் தாங்காமல் செவலை வெளியே வந்து, குட்டிகள் கத்துகிற வீட்டுப் பக்கம் ஓடியது.

"அது பூட்டுக்குள்ளேதானே இருந்துச்சு," என்று தலைவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கதவைப் பூட்டினார்.

"சாவி ஒருத்தர் கையிலே இருந்தா அது சமமா?" என்றார் சீனிச்சாமி.

தலைவர் வெட்கப்பட்டுச் சாவியை வெளியே தூர எறிந்தார்.

வெயில் தாழ்ந்தபோது செவலை வயிறு நிறைந்த இரண்டு குட்டிகளோடு வந்து பவுண்டுக்கு முன்னால் நின்றது. கம்பிக்குள் நின்ற ஒச்சம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். தலைவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பியோரம் பணிந்து நின்றார்.

"தாயி, எங்களை எப்ப விடுவீங்க?"

செவலை அசைபோட்டது.

"அவசரப்படாதீங்க தலைவரே," என்றாள் ஒச்சம்மா. "அதுக்கும் மனசு வரணும்ல?"